தண்ணீர்க்கரை வீட்டில் அலாரம் வைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருவையாற்றுப் பாட்டி:

எங்கள் கொல்லைக் கதவைத் திறந்தால் காவிரிப் படித்துறை. பேத்திக்கு இரண்டு வயது ஆனதும் மருமகன் கதவில் காந்த அலாரம் பொருத்திவிட்டுப் போனார். கதவு விலகினால் அலறுமே, அதுதான். அப்போது மே மாதம், ஆறு வெறும் மணல். பாத்திரம் தேய்க்கிற பெண் நாளைக்கு இருபது தடவை போய்வருவாள். ஒவ்வொரு தடவையும் அது அலறும், தாத்தாவின் மதியத் தூக்கம் கெடும். நான்தான் அணைத்தேன். தண்ணீர் வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள். நாலைந்து நாளில் கல்லணையும் திறந்தாயிற்று. டி.வி.யில் பூத் தூவுவதைக் கும்பிட்டுக்கொண்டே பார்த்தேன். அலாரம் ஞாபகத்துக்கே வரவில்லை.

அப்புறம் ஒரு காலை, அடுப்பில் பால். கூடத்தில் கேட்க வேண்டிய கொலுசுச் சத்தம் கொல்லைப் பக்கம் கேட்டது. பிறகு நின்றுபோனது. நின்றதால்தான் ஓடினேன். நாலாவது படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டு, டம்ளரால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். புதுத் தண்ணீர், நுரையும் சருகுமாக ஓடுகிறது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். தூக்கிவந்து பார்த்தால் கொலுசில் ஒரு சருகு மாட்டியிருந்தது. அதை எடுக்க முடியவில்லை, கை அவ்வளவு நடுங்கியது.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

சைதாப்பேட்டை, அடையாற்றங்கரை:

அம்மா, குழந்தை நன்றாக இருக்கிறாளே, அது போதும். மகளிடம் சொல்லிவிடுங்கள்.

என் அனுபவம் வேறு மாதிரி. 2015 டிசம்பர் 1 ராத்திரி, செம்பரம்பாக்கத்தில் 29,000 கன அடி திறந்த அன்று, கட்டில் நனைந்துதான் விழித்தோம். அதற்குப் பிறகு மொட்டைமாடித் தொட்டிக்கு வைக்கிற பேசும் அலாரம் ஒன்று வாங்கி, பேட்டரியில் ஓடும்படி செய்து, அதன் இரண்டு கம்பி முனைகளையும் வாசல் கேட்டில் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் கட்டினேன். தண்ணீர் இரண்டையும் தொட்டால் பேசும். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல், கரன்ட் இல்லை. இருட்டில் ஒரு பெண் குரல்: "தொட்டி நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்தவும்." எங்கள் அம்மா எழுந்து சுவிட்சைத் தேடிப் போனார். எனக்கு மட்டும் அது எந்தத் தண்ணீர் என்று தெரியும். அம்மாவின் மாத்திரைப் பெட்டி, பத்திரங்கள், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்ற நேரம் கிடைத்தது.

ஆகவே அலாரத்தை நம்பலாம் என்பதே என் கட்சி.

செவிலியர், நாகர்கோவில்:

மேலே சொன்ன அண்ணன் கட்சியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெள்ளம் ஏறிவர நேரம் எடுக்கும். குழந்தை விழ நேரம் எடுக்காது, விழுந்தால் கத்தவும் கத்தாது. மூச்சுக்குத் தவிக்கிற வாயிலிருந்து குரல் வராது. அலாரம் அலறி நீங்கள் போய்ச்சேருவதற்குள் முடிந்துவிடலாம். முதலில் தடுப்பு, அப்புறம்தான் அலாரம்.

குட்டநாட்டில் என் அக்கா வீட்டுப் படிக்கட்டில், நீச்சல் குளத்துக்கான மிதக்கும் அலாரத்தைக் கட்டினார்கள். ஒவ்வொரு படகு போகும்போதும் அலை வந்து அடிக்கும், அது அலறும். ஒரே வாரத்தில் கழற்றிவிட்டார்கள். குளத்துக்குச் செய்தது ஓடுகிற தண்ணீருக்கு ஆகாது.

பாட்டியம்மா, படித்துறைக்கு முன்னால் குறைந்தது நாலடி உயரத்தில் கம்பி கேட் போடுங்கள். கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் சந்து கூடாது. ஏறிக் கால்வைக்கக் குறுக்குக் கம்பியும் வேண்டாம். தானாக மூடிக்கொள்ளும் கீல் கேளுங்கள். அமெரிக்காவில் நீச்சல் குளத்துத் தாழ்ப்பாளுக்கு 54 அங்குல உயரம் சொல்கிறார்கள். கொல்லைக் கதவுக்கும் அந்த உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். காந்த அலாரத்தில், பெரியவர்கள் அழுத்தினால் சில வினாடி மட்டும் அடங்கித் தானே திரும்ப விழித்துக்கொள்ளும் வகை இருக்கிறது. அதை வாங்கினால் யாரும் அணைக்க வேண்டியதில்லை. பேட்டரியை மாதாமாதம் சோதியுங்கள். அண்ணன், உங்கள் கம்பி முனைகளில் துருவும் பாசியும் பிடிக்கும், மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள்.

இன்னொன்று. தண்ணீரிலிருந்து எடுத்த குழந்தையைத் தலைகீழாகச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சில்லை என்றால் உடனே வாய்வழி மூச்சு கொடுத்து, நெஞ்சை அமுக்கத் தொடங்குங்கள். 30 அமுக்கலுக்கு 2 மூச்சு. பக்கத்தில் இருப்பவர் 108ஐ அழைக்கட்டும். தாத்தாவுக்கும் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்கும்கூட இதைச் சொல்லிக்கொடுங்கள்.

திருவையாற்றுப் பாட்டி:

சரிம்மா, கேட்டுக்கு நாளைக்கே ஆள் வரச்சொல்கிறேன். மகளிடமும் பேசிவிட்டேன், அழுதாள், திட்டவில்லை. மருமகன் இப்போது குழந்தை கையில் கட்டுகிற அலாரம் வாங்கலாம் என்கிறார், தண்ணீரில் முங்கினால் வீட்டுக்குள் ஒலிக்குமாம். யாராவது கட்டியிருக்கிறீர்களா? இவள் முற்றத்து அடிபம்பிலேயே நாள் முழுக்கக் கையை நனைத்துக்கொண்டிருப்பாள், அதற்கும் அலறுமா?