பேரிஜம் – டாப் ஸ்டேஷன் பழைய சாலை: சைக்கிளுக்கு மட்டும் திறந்தால் என்ன?

சைக்கிள் சாமி:
கொடைக்கானலில் இருந்து மூணாறு போக இன்றைக்கு மலையை விட்டுக் கீழே இறங்கி, தேனி, போடி என்று சுற்றி மறுபடி ஏற வேண்டும். 150 கி.மீ.க்கு மேல் ஆகிறது. ஆனால் மேலேயே ஒரு சாலை சும்மா கிடக்கிறது. பேரிஜம் ஏரி, வந்தரவு மலை, மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷன் வழியாக மொத்தம் 81 கி.மீ. சொச்சம்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சென்னையில் இறங்கிவிட்டால் கொச்சிப் பக்கம் தப்பி ஓட வேண்டுமே என்று வெள்ளைக்காரன் செப்பனிட்டு வைத்தது. எஸ்கேப் ரோடு என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1990-இல் மூடிவிட்டார்கள்.

இதைக் கார், பைக் எதற்கும் திறக்க வேண்டாம். சைக்கிளுக்கு மட்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எண்ணி, வனத்துறை ஆள் ஒருவரைக் கூட அனுப்பி, கட்டணம் வாங்கிக்கொண்டு விடலாமே? வத்தலக்குண்டு மலைப்பாதையில் சனிக்கிழமை காலை மிதித்துப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். முதல் கியரில் மூச்சு வாங்கும்போது முன்னால் போகிற பஸ்ஸின் புகை அப்படியே நெஞ்சுக்குள் போகும். பின்னால் வருகிற வேன்காரர் முழங்கையை உரசுகிற தூரத்தில் ஹார்ன் அடிப்பார். கொடைக்கானல் வருகிற வண்டிக்கு இ-பாஸ் வந்து, 2025 ஏப்ரலில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு வைத்த பிறகும் இதுதான் நிலை. தமிழ்நாட்டு மலையில் ஹார்ன் சத்தம் கேட்காமல் இரண்டு நாள் ஓட்ட ஓர் இடம் காட்டுங்கள், நான் இந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

காட்டுவழி:
சாமி, "சும்மா கிடக்கிறது" என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக யானையும் காட்டெருமையும் நடமாடுகிற இடம் அது. இந்தப் பக்கம் 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஆகிவிட்டது. கேரளப் பக்கம் 2003-இல் இருந்து பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. அந்தப் பூங்காவே 12 சதுர கி.மீ. அளவுதான். அதற்குள்ளும் வட்டவடை சாலை ஏற்கெனவே புகுந்து போகிறது. போதாதா?

காரை விடச் சைக்கிள் காட்டுக்கு நல்லது என்று எல்லோரும் தலையாட்டிவிடுகிறோம். புகையைப் பொறுத்தவரை சரி. விலங்கைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. கார் வருவது யானைக்கு வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். சைக்கிள் இறக்கத்தில் 40 கி.மீ. வேகத்தில் சத்தமே இல்லாமல் வரும். காற்று எதிரே அடித்தால் நம் வாடையும் முன்னால் போகாது. பனிமூட்டத்தில் ஒரு வளைவு திரும்புகிறீர்கள், பத்தடியில் கன்றோடு காட்டெருமை நிற்கிறது. என்ன செய்வீர்கள்? 2016-இல் அமெரிக்காவின் மொன்டானாவில், கிளேசியர் பூங்காவை ஒட்டிய காட்டில் ஒருவர் இப்படித்தான் வளைவில் சைக்கிளோடு கரடி மேலேயே மோதினார். கரடி அவரைக் கொன்றுவிட்டது.

பிட்ஸ்பர்க் பாலா:
அமெரிக்காவை நீங்களே இழுத்துவிட்டீர்கள், அதனால் நானும் ஒன்று சொல்கிறேன். பிட்ஸ்பர்க்கில் இருந்து கம்பர்லாண்ட் வரை கிரேட் அலிகேனி பாசேஜ் என்று ஒரு பாதை. 240 கி.மீ., அப்பலாச்சிய மலைக்காட்டுக்குள், மோட்டார் வண்டியே கிடையாது. கைவிட்ட ரயில் தடத்தின் மேல் சுண்ணாம்புக்கல் தூளைப் பரப்பி, துண்டு துண்டாகப் போட்டு, 2013-இல்தான் முழுதாக முடித்தார்கள். மலைக்கு நடுவே பிக் சாவேஜ் சுரங்கம், ஒரு கிலோமீட்டர் நீளம். கோடையிலும் உள்ளே நுழைந்ததும் குளிர் பிடரியில் ஏறும், கூரையில் இருந்து தண்ணீர் சொட்டும். வெளியே வந்தால் மேரிலாந்து பள்ளத்தாக்கு முழுக்கக் கண் முன்னால். குளிர்காலத்தில் சுரங்கத்தின் கதவையே சாத்திவிடுவார்கள்.

இங்கேயும் காட்டில் கருங்கரடி உண்டு. நான் சொல்ல வருவது வேறு: நிலக்கரியும் ரயிலும் போன பிறகு சோர்ந்து கிடந்த சிற்றூர்களுக்குச் சைக்கிள்காரர்களால் கொஞ்சம் வருமானம் வருகிறது. கான்ஃப்ளூயன்ஸ், மையர்ஸ்டேல் போன்ற ஊர்களில் வீட்டையே விடுதியாக்கி அறை விடுகிறார்கள். கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களுக்கு இது ஆகாதா?

காட்டுவழி:
பாலா, ரயில் தடம் என்பதால் உங்கள் பாதையில் ஏற்றம் 2 சதவீதம் கூட இல்லை. உச்சியே 729 மீட்டர்தான். வந்தரவுப் பக்கம் சாலை சுமார் 2,480 மீட்டரில் போகிறது. ஏற்றத்தில் நம் ஆட்களின் வேகம் மணிக்கு 7, 8 கி.மீ. யானை ஓட வேண்டியதில்லை, எட்டி நடந்தாலே பிடித்துவிடும். உங்கள் பாதையில் ஊருக்கு ஊர் சாப்பாடு, ஆம்புலன்ஸ். இங்கே பேரிஜம் தாண்டினால் டாப் ஸ்டேஷன் வரை யாரைக் கூப்பிடுவது? டாப் ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கிற குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். மீட்புக்கு விமானப்படை ஹெலிகாப்டர் வரவேண்டியிருந்தது. காய்ந்த புல்வெளி, வாட்டில், பைன் தோட்டம் எல்லாம் இங்கேயும் அதே சரக்குதான்.

கிளாவரைக்காரன்:
எல்லோரும் பேசுகிறீர்கள், நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன் சார். நாங்கள் மேல்மலைக்காரர்கள். பூண்டு, உருளை, கேரட் போட்டுப் பிழைக்கிறோம். மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், சந்தோஷம். ஆனால் மூட்டை கொடைக்கானல் போய், அங்கிருந்து வத்தலக்குண்டு இறங்கித்தான் விற்கிறது. கேரளப் பக்கம் இருக்கிற கோவிலூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். நடந்து போகலாம், வண்டி போகாது. வழி கேட்டால் காடு, சரணாலயம், முடியாது என்கிறார்கள். சரி, காட்டுக்காகத்தானே என்று இருக்கிறோம்.

இப்போது சென்னை, பெங்களூரில் இருந்து லட்ச ரூபாய் சைக்கிளில் வருகிறவர்களுக்கு மட்டும் அந்தக் காடு வழி விடுமா? பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இருட்டில் இத்தனை வளைவும் திரும்பிப் பார்த்தால்தான் எங்கள் கோபம் புரியும். காட்டுவழி சார் சொல்கிற "வேண்டாம்" எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் அது எல்லோருக்கும் ஒரே வேண்டாம்.

சைக்கிள் சாமி:
கிளாவரை அண்ணே, உங்கள் வழிக்கு நான் எதிரி இல்லை. அது வேறு சாலை, வேறு கோரிக்கை. இரண்டும் சேர்ந்தே போகட்டும். மோட்டார் வண்டிச் சாலை என்றால் எந்த நீதிமன்றமும் விடாது. சைக்கிள் என்றால் பேசவாவது இடம் இருக்கிறது.

காட்டுவழி, நீங்கள் சொல்கிற ஆபத்துக்கெல்லாம் வழி உண்டு. தனியாக விட வேண்டாம். எட்டுப் பத்துப் பேர் ஒரே கூட்டமாக, முன்னால் வனக்காவலர். இறக்கத்தில் 15-க்கு மேல் போகக் கூடாது, மணி அடித்துக்கொண்டே வர வேண்டும். தீக்காலத்தில் மொத்தமாக மூடல். பேரிஜத்துக்கே இன்று வண்டியை எண்ணித்தான் விடுகிறார்கள், யானை வந்தால் அன்றைக்கு வழியை அடைக்கிறார்கள். அதையே நீட்டுவதுதானே?

காட்டுவழி:
நீட்ட முடியாது என்பதுதான் என் கவலை. பேரிஜத்தில் ஒரு முனை, ஒரு சோதனைச்சாவடி, ஒரு மாநிலம். நீங்கள் கேட்பதற்கு இரண்டு முனை, இரண்டு மாநில வனத்துறை. 1990-இல் மூடிய சாலையைப் பற்றி இரண்டு அரசும் இன்னும் ஒத்துப் பேசவில்லை. அப்புறம், பாலம் பழுது பார்க்க ஜேசிபி போகும், மணல் லாரி போகும், தங்கும் குடில் வரும். ஐந்தாம் வருஷம் "சைக்கிள் போகிறது, மின்சார ஜீப் போனால் என்ன" என்று யாராவது மனுப் போடுவார். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதை தெரியும்தானே?

ஹார்ன் இல்லாத இடம் கேட்டீர்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை. செவ்வாய், புதன் கிழமையில் போங்கள். பூம்பாறை தாண்டினால் எப்போதாவது ஒரு பஸ், காய்கறி வேன். அதற்கு வழி திறக்கச் சொல்லி யாரிடமும் போராட வேண்டாம்.

சைக்கிள் சாமி:
போயிருக்கிறேன், அருமையான பாதை. ஆனால் முட்டுச்சந்து. போன வழியே திரும்பி வர வேண்டும். ஒரு மலை நகரத்தில் கிளம்பி இன்னொன்றில் போய்ச் சேர்வதற்குத்தான் நான் இவ்வளவு பேசுகிறேன்.

கிளாவரைக்காரன்:
முட்டுச்சந்தா? எங்கள் ஊரை அப்படிச் சொல்லாதீர்கள் சார். வந்தால் வீட்டில் டீ உண்டு, பஞ்சர் ஒட்டிக்கொள்ள வாளித் தண்ணீரும் உண்டு. கோவிலூர் போகிற ஒற்றையடிப் பாதையையும் காட்டுவேன். ஆனால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அதில் இறங்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கும் முதலில் வனத்துறையிடம் கேட்க வேண்டும்.