மறு: 'பேட்ச் கிளாம்ப்' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'பேட்ச் கிளாம்ப்' (கூர்நுனிக் கண்ணாடிக் குழலை நரம்பணுவின் சவ்வில் பற்றவைத்து அதன் மின்சாரத்தைப் பதிகிற முறை) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். பெங்களூருவில் ஒரு நரம்பியல் ஆய்வகத்தில் 9 ஆண்டுகளாக எனக்கு இதுதான் வேலை. ஆராய்ச்சியாளர் கிடையாது, டெக்னீசியன். சுண்டெலி மூளையைச் சீவுவது, கரைசல் கலக்குவது, கண்ணாடிக் குழல் இழுப்பது, மின்பதிவு எடுப்பது எல்லாம் என் பாடு. அகராதி உங்களிடம் இருக்கிறது. மேசையில் நடப்பதை நான் சொல்கிறேன், சேர்த்துப் பார்ப்போம்.

> ஒட்டுப் பிடிப்பு
> துண்டு இடுக்கி
> சவ்வுத்திட்டு இறுக்கி

இதுவரை வந்தவை இந்த மூன்றும். இடுக்கி என்றால் எனக்கு அம்மா அடுப்பிலிருந்து பால் பாத்திரம் இறக்குவதுதான் கண்ணுக்கு வருகிறது. எங்கள் மேசையில் எதையும் எதுவும் இடுக்குவதில்லை.

நடப்பது இதுதான். மூளையை 300 மைக்ரான் கனத்தில் சீவி (பாக்குச் சீவல் போலத்தான், 'மூளைச் சீவல்' என்றே சொல்லலாம்), ஆக்சிஜன் குமிழி விடுகிற உப்புக் கரைசலில் வைத்திருப்போம். ஒரு கண்ணாடிக் குழாயை நடுவில் சூடேற்றி இழுத்தால் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மைக்ரான் வாயுள்ள கூர்நுனிக் குழலாகும். அதில் உப்புநீரும் ஒரு வெள்ளிக் கம்பியும். குழல் கரைசலில் இறங்கும்போது, அதோடு சேர்ந்த ரப்பர் குழாயில் வாய் வைத்து லேசாக ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் நுனியில் குப்பை ஏறிவிடும். நரம்பணுவை நெருங்கியதும் ஊதும் வேகத்தில் அதன் சவ்வில் சின்னக் குழி விழும். அந்த நொடியில் ஊதுவதை நிறுத்தி மெல்ல உறிஞ்ச வேண்டும். சவ்வு போய்க் கண்ணாடி விளிம்பில் பற்றிக்கொள்ளும்.

பற்றியதா இல்லையா என்று கண்ணால் தெரியாது. திரையில்தான் தெரியும். குழலின் மின்தடை 5 மெகாஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிவோல்ட் துடிப்பு கொடுத்தால் 1000 பிகோஆம்பியர் ஓடும். திரையில் மதில் போல ஒரு கட்டம் நிற்கும். சவ்வு பற்றி, மின்தடை 1 கிகாஓமுக்கு (1000 மெகாஓம்) ஏறினால் அதே துடிப்புக்கு 5 பிகோஆம்பியர்தான். மதில் தரையோடு படுத்துவிடும், இரண்டு ஓரத்திலும் முள் மட்டும் மிஞ்சும். இத்தனை ஆண்டு கழித்தும் அது படுக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம். இதைத்தான் 'கிகா சீல்' என்கிறார்கள்.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். போன மாதம் பயிற்சிக்கு வந்த பெண் தமிழ்வழியில் படித்தவள். குறிப்பேட்டில் 'கிகா முத்திரை' என்று எழுதியிருந்தாள். "அஞ்சலகத்தில் குத்துவார்களே, அதுவா அண்ணா?" என்று அவளே கேட்டுவிட்டுச் சிரித்தாள். இங்கே ஒருவர் சொன்ன 'அடைப்பு' அதைவிட ஆபத்து. குழல் நுனியில் குப்பை ஏறினால் நாங்கள் 'அடைத்துக்கொண்டது' என்போம். அப்புறம் அந்தக் குழல் குப்பைக்குத்தான். நல்லது நடந்தாலும் அடைப்பு, கெட்டது நடந்தாலும் அடைப்பு என்றால் பக்கத்து மேசைக்காரர் எதைப் புரிந்துகொள்வார்?

என் பரிந்துரை 'கவ்வல்'. மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் நடந்தவர்களுக்கு அட்டை எப்படிப் பிடிக்குமென்று தெரியும். வாய் வைக்கும், உறிஞ்சும், இழுத்தால் வராது. குழலும் அதேதான். குழலை வெடுக்கென்று இழுத்தால் சவ்வில் ஒரு துணுக்கு பிய்ந்து கூடவே வரும், கவ்வல் விடாது. அந்தத் துணுக்கு கிழிந்த சட்டைக்குப் போடுகிற ஒட்டு ஆகாது. எனவே 'ஒட்டு' வேண்டாம் என்பது என் கட்சி.

அடுத்து 'கிளாம்ப்'. இது மின்சாரம் பற்றிய சொல். பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழைக்குள் கம்பியையே நுழைத்து, சவ்வின் மின்னழுத்தத்தை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி, ஓடும் மின்னோட்டத்தை அளந்தார்கள். 1952-இல் கட்டுரைகள், 1963-இல் நோபல். அங்கே கிளாம்ப் உண்டு, பேட்ச் (குழல்வாய் பற்றுகிற சவ்வுத் துணுக்கு) கிடையாது. விஞ்ஞானிகள் நேயரும் சாக்மனும் ஜெர்மனியின் கோட்டிங்கனில் தவளைத் தசையின் மேல் குழல் வைத்து ஒற்றை அயனித் தடத்தின் (சவ்வில் அயனிகள் கடக்கிற நுண்வழி) மின்னோட்டத்தைப் பதிந்தது 1976-இல். அப்போது கவ்வல் தளர்வு, சில பத்து மெகாஓம்தான். சுத்தமான குழலும் மெல்லிய உறிஞ்சலும் இருந்தால் கிகாஓமுக்கு ஏறும் என்று 1980 வாக்கில் தெரிந்தது. 1991-இல் இருவருக்கும் நோபல்.

ஆனால் இன்று நாங்கள் அதிகம் எடுக்கிற பதிவு எது? கவ்வியபின் சட்டென்று ஓர் உறிஞ்சு உறிஞ்சி, குழல்வாய்க்குள் இருக்கிற சவ்வைக் கிழித்து அணுவின் உள்ளே வழி திறப்பது. அதாவது பேட்ச் போய்விட்டது. அதன்பின் பாதி நாள் மின்னழுத்தத்தைப் பிடித்து வைப்பதும் இல்லை. மின்னோட்டத்தை நாங்கள் கட்டுப்படுத்தி, மின்னழுத்தம் ஆடுவதைப் பதிகிறோம். பேட்சும் இல்லை, முதலில் சொன்ன கிளாம்பும் இல்லை, பெயர் மட்டும் பேட்ச் கிளாம்ப். ஆங்கிலத்தில் பழகிவிட்டது, விடுங்கள். நாம் புதிதாகச் சொல் செய்யும்போது அந்தப் பழைய சட்டையை ஏன் தைக்க வேண்டும்?

எல்லா நிலைக்கும் பொது கவ்வல் ஒன்றுதான். ஆகவே முறைக்குப் பெயர் 'கவ்வுபதிவு'. நடுவில் 'ப்' போட வேண்டாம். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை, ஒற்று மிகாது. கவ்விய நிலை, முழு அணு நிலை, பிய்த்த துணுக்கு, தளர் கவ்வல் என்று மற்றவை தாமாகவே வருகின்றன. 'கிகா' அளவைச் சொல், அப்படியே இருக்கட்டும். 'நூறுகோடி ஓம் கவ்வல்' என்று யாரும் மேசையில் சொல்லப் போவதில்லை.

இலங்கையிலிருந்து எழுதிய அம்மாவுக்குத் தனி நன்றி. அவர் 'அமுக்கம்' என்று போகிறபோக்கில் எழுதியது எனக்குப் பெரிய உதவி. தமிழ்நாட்டில் ஊதுகிற காற்றுக்கும் அழுத்தம், மின்சாரத்துக்கும் மின்னழுத்தம். வேலை மும்முரத்தில் முன்னொட்டு உதிர்ந்துவிடும். "அழுத்தத்தை விடு" என்றேன். அந்தப் பெண் குழாயிலிருந்து வாயை எடுப்பதற்குப் பதில் கணினியில் வோல்ட்டைச் சுழியாக்கினாள். காலையிலிருந்து தேடிப் பிடித்த அணு அது. தவறு என் பேச்சில், அவள் மேல் இல்லை. அன்றிலிருந்து காற்றுக்கு அமுக்கம்தான். செல்லுக்கு, அதாவது நான் அணு என்பதற்கு, அவர் சொல்லும் 'கலம்' பற்றியும் எனக்கு மறுப்பில்லை. 'முழுக்கல நிலை' என் 'முழு அணு நிலை'யைவிடக் காதுக்கு நன்றாக இருக்கிறது. அணு என்றால் இயற்பியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் வேறு.

தீராதது ஒன்று. மின்னழுத்தக் கிளாம்ப், மின்னோட்டக் கிளாம்ப் இரண்டுக்கும் 'மின்னழுத்தப் பிடி', 'மின்னோட்டப் பிடி' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் பிடியும் கவ்வலும் பொருளில் மிக நெருக்கம், புதியவர் குழம்புவார். 'நிறுத்தம்' என்றால் பேருந்து நினைவு வருகிறது. 'நிலைகட்டு' என்று ஒன்று தோன்றியது, அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ஏதோ கதவு வேலை போல் இருக்கிறது. யாருக்காவது வேறு தோன்றுகிறதா?

வியாழன்வரை சீவல் வேலை இருக்கிறது. மாலையில்தான் மடல் பார்ப்பேன்.