அன்செயின்ட் மெலடி: 1965 பதிவா, 1990 பதிவா?

நாடாப்பெட்டி: அமெரிக்கப் பாடகர் இரட்டையர் ரைச்சஸ் பிரதர்ஸின் 'அன்செயின்ட் மெலடி' (Unchained Melody) இரண்டு தொகுப்பு சிடிகளில் இரண்டு மாதிரி ஒலிக்கிறது. குரல் ஒன்றுதான். 1990-இல் வந்த 'கோஸ்ட்' ஹாலிவுட் படத்தில் வருவது எது? வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டே இவர்களுடையதுதானா?

ஊசிமுனை: பாட்டு இவர்களுடையது இல்லை. 1955-இல் வந்த 'அன்செயின்ட்' என்ற சிறைப் படத்துக்காக அலெக்ஸ் நார்த் மெட்டமைக்க, ஹை ஸாரெட் எழுதியது. படத்தில் பாடியவர் டாட் டங்கன். தலைப்பு படத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. பாட்டு வரிகளில் அந்தச் சொல்லே வராது. அதே ஆண்டு வந்த பதிவுகளில், அமெரிக்க ஹிட் பட்டியலில் லெஸ் பாக்ஸ்டர் முதலிடம், அல் ஹிப்லர் 3-ஆம் இடம். பிரிட்டனில் ஜிம்மி யங் முதலிடம்.

ரைச்சஸ் பிரதர்ஸ் பதிவு 1965. ஃபில்லெஸ் நிறுவனத்தின் 129-ஆம் எண் சிங்கிள் தட்டு, அதுவும் பி பக்கம் (பின்பக்கம்)! ஏ பக்கத்தில் 'ஹங் ஆன் யூ'. வானொலிக்காரர்கள் திருப்பிப் போட, அமெரிக்கப் பட்டியலில் 4-ஆம் இடம்வரை போனது. பெயர்தான் பிரதர்ஸ், பாடுவது பாபி ஹாட்ஃபீல்ட் மட்டும். பிற்கால லேபிள்களில் தயாரிப்பு ஃபில் ஸ்பெக்டர் (ஃபில்லெஸ் நிறுவனத்துக்காரர்) என்றிருக்கும். தயாரித்தது தான்தான் என்பார் இரட்டையரில் மற்றவரான பில் மெட்லி. பி பக்கத்துக்கு ஸ்பெக்டர் மெனக்கெடுகிற ஆளில்லை என்பதால் மெட்லி சொல்வதையே நம்பத் தோன்றுகிறது.

மோனோபிரியன்: 'கோஸ்ட்' படத்தில் வருவது 1965 பதிவு. குழப்பம் 1990-இல் ஆரம்பித்தது. படம் ஓடியதும் எல்லாருக்கும் பாட்டு வேண்டும். ஆனால் அமெரிக்காவில் பழைய பதிவு வினைல் சிங்கிளாக மட்டுமே கிடைத்தது. அன்றைக்கு ஜனங்கள் வாங்கியது கேசட். அந்த இடைவெளியில் ரைச்சஸ் பிரதர்ஸே கர்ப் ரெகார்ட்ஸுக்காகப் புதிதாகப் பாடி, கேசட் சிங்கிளாக விட்டார்கள். வானொலியில் ஓடியது பழசு, கடையில் விற்றது புதுசு. அமெரிக்க ஹிட் பட்டியலான பில்போர்டில் இரண்டும் ஒரே சமயத்தில் ஏறின: பழசு 13-ஆம் இடம், புதுசு 19. படத்தில் கேட்டதுதான் என்று நினைத்து வேறொன்றை வாங்கிப் போனவர்கள் ஏராளம்.

அட்டையின் பின்பக்கம் பாருங்கள்: கர்ப் என்றோ, மறுபதிவு என்றோ இருந்தால் அநேகமாகப் புதுசு.

ஊசிமுனை: ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். பழைய பதிவைப் போட்டு 1990-இல் தொகுத்த சிடியிலும் 1990 என்றே அச்சாகியிருக்கும். சந்தேகம் என்றால் காதுதான். பழசில் குரல் எதிரொலிக்குள் மூழ்கி நிற்கும். புதுசில் துடைத்த மாதிரி முன்னால் வரும். கடைசிச் சரணத்தில் 'நீட்' (need) என்று உச்சிக்கு ஏறும் இடத்தை மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். பழசில் பாடியவருக்கு வயது 24, புதுசில் ஏறக்குறைய 50.