கன்னிப் பேச்சுக்கு என்ன பேசலாம்?

பாப்பா: எல்லோரும் இதைக் கொஞ்சம் பாருங்கள். ஆபீஸில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில், அதாவது மேடையில் பேசப் பழகும் கிளப்பில், சேர்ந்திருக்கிறேன். வியாழக்கிழமை என் முதல் பேச்சு, ஐஸ்பிரேக்கர் என்பார்கள். நம்மை நாமே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பாப்பா: "அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்தது திண்டுக்கல். பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தேன். பி.காம். மதுரையில். இப்போது கணக்குப் பிரிவில் வேலை. பாட்டு கேட்பதும் சமைப்பதும் பிடிக்கும்."

அம்மா: நன்றாக இருக்கிறதே 👏

மாமா: எவ்வளவு நேரம் பேச வேண்டும்?

துபாய் அண்ணன்: 4 முதல் 6 நிமிடம் மாமா. நானும் இங்கே ஒரு கிளப்பில் இருக்கிறேன். 4 நிமிடம் ஆனதும் நேரம் பார்க்கும் டைமர் பச்சை காட்டுவார், 5-க்கு மஞ்சள், 6-க்குச் சிவப்பு. சிவப்புக்கு மேலும் 30 விநாடி உண்டு, பதறாமல் முடிக்கலாம்.

துபாய் அண்ணன்: பாப்பா, நீ எழுதியிருப்பது பயோடேட்டா. ஒரு நிமிடம்கூட வராது. கேட்பவர்கள் மனதில் எதுவும் நிற்காது. உன்னைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதையே பேசு.

சித்தி: அத்தானின் சைக்கிள் கடை! பள்ளிக்கூடம் விட்டதும் பையைப் போட்டுவிட்டுப் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்துவிடுவாளே.

அப்பா: கடையைப் பற்றி எதற்கு? பெரிய ஆபீஸ். படிப்பைச் சொன்னால் போதும்.

அம்மா: ஏன் சொல்லக் கூடாது? அந்தக் கடை வருமானத்தில்தான் அவள் படித்தாள்.

மாமா: மாப்பிள்ளை, தங்கச்சி சொல்வதுதான் சரி. பாட்டு கேட்பதை எல்லோரும் சொல்வார்கள். பஞ்சர் ஒட்டிய பெண் அந்தச் சபையில் இவள் ஒருத்திதான் இருப்பாள்.

பாப்பா: எனக்கும் ஆசைதான் மாமா. ஆனால் பயமாக இருக்கிறது. முழுதும் மனப்பாடம் செய்துவிடவா?

துபாய் அண்ணன்: வேண்டவே வேண்டாம். ஒரு வரி மறந்தால் அதோடு நின்றுவிடுவாய். முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் நடந்ததை நடந்தபடி சொல். தாளைக் கையில் பிடிக்காதே, கை நடுங்குவது தாளில்தான் தெரியும்.

மாமா: 'அது வந்து', 'வந்து' என்று இழுக்காதே கண்ணு.

துபாய் அண்ணன்: அதை எண்ணவே ஆ-கவுண்டர் என்று ஒருவர் இருப்பார் மாமா. முதல் பேச்சுக்கு அந்தக் கவலை வேண்டாம். வார்த்தை வரவில்லையா, வாயை மூடி ஒரு மூச்சு விடு, வந்துவிடும். பேசி முடித்ததும், பேச்சை மதிப்பிடும் இவாலுவேட்டர் எது நன்றாக இருந்தது, அடுத்த முறை எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார். அதைக் குறித்து வைத்துக்கொள்.

பாப்பா: சரி அண்ணா. மாற்றி எழுதிவிட்டேன். "தண்ணீருக்குள் ட்யூபை அமுக்கினால், எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. எனக்கு எட்டு வயதில் அப்பா இதைக் கற்றுக்கொடுத்தார். குமிழி வந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அப்பா உப்புத்தாளால் தேய்ப்பார், சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுவார்..."

சித்தி: படிக்கும்போதே அந்த வாசம் வருகிறது ❤️

மாமா: இதுதான் பேச்சு.

அப்பா: காற்று அடித்துவிட்டுத்தான் தண்ணீரில் அமுக்க வேண்டும் பாப்பா. அதை விட்டுவிட்டாய். சொல்யூஷன் கொஞ்சம் காய்ந்த பிறகுதான் ஒட்டுப் போடுவோம், அதையும் சேர்த்துக்கொள்.