பழைய 31 அடி இரட்டை எஞ்சின் படகு: பெட்ரோல் வி8-ஐ இறக்கிவிட்டு டீசல் ஏற்றலாமா?

அணியம்31 (கேள்வி)

வணக்கம். 1970-களில் கட்டிய 31 அடி ஃபைபர் படகு, ஆழமான வி வடிவ அடிப்பாகம். விவரம்:

எஞ்சின்: பெட்ரோல் வி8 இரண்டு, தலா 230 எச்பி, 4,400 ஆர்பிஎம்
கியர்: 1.5:1, நேர் ஷாஃப்ட், 1⅛ அங்குலம்
புரொப்பெல்லர்: 16 அங்குலம், மூன்று இதழ்
எடை: டேங்க் நிரப்பி, ஆள் ஏறி, சுமார் 12,000 பவுண்டு
புரொப்பெல்லர் இருக்கும் இடத்தில் ஷாஃப்ட் மையத்திலிருந்து அடித்தட்டு வரை: 12½ அங்குலம்

இடது எஞ்சினில் ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் சுத்தமாக இல்லை. எக்ஸாஸ்ட் ரைசர் அரித்துத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. வலது எஞ்சின் ஓடுகிறது. இரண்டு மவுண்ட் போல்ட்டுகள் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

250 எச்பி, 2,800 ஆர்பிஎம் டீசல் இரண்டு, 2:1 கியரோடு போடலாம் என்று திட்டம். பழைய ஷாஃப்ட், ஸ்ட்ரட் (அடித்தட்டுக்குக் கீழே ஷாஃப்ட்டைத் தாங்கும் கால்) இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா? வேலையை எங்கே தொடங்குவது?

சுழல்கணக்கு

எஞ்சினைப் பார்க்கும் முன் அந்த 12½ அங்குலத்தைப் பாருங்கள். உங்கள் திட்டம் அங்கேயே முட்டுகிறது.

இதழ் நுனிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே புரொப்பெல்லர் விட்டத்தில் குறைந்தது 15% இடைவெளி வேண்டும். குறைந்தால் ஒவ்வொரு இதழும் கடக்கும்போது அடித்தட்டில் அறைவது போல அதிர்வு வரும். அப்படியானால் மையத்திலிருந்து தேவைப்படும் தூரம் விட்டத்தின் 0.65 மடங்கு. 12.5-ஐ 0.65-ஆல் வகுத்தால் 19.2. ஆக, அந்தப் படகில் 19 அங்குலத்துக்கு மேல் போட முடியாது.

இனி விட்டக் கணக்கு: 632.7 × (எச்பி-யின் 0.2 அடுக்கு) ÷ (ஷாஃப்ட் ஆர்பிஎம்-மின் 0.6 அடுக்கு). 2,800-ஐ 2:1 கியரில் இறக்கினால் ஷாஃப்ட் 1,400-இல் சுற்றும். 250 எச்பி-க்கு அது கேட்கும் விட்டம் கிட்டத்தட்ட 25 அங்குலம். இடமே இல்லை. 1.5:1 என்றால் 1,867 ஆர்பிஎம், 21 அங்குலம். அதுவும் இடிக்கும். 19 அங்குலத்தில் 250 எச்பி-யைத் தண்ணீருக்குள் தள்ள ஷாஃப்ட் 2,170 அளவில் சுற்ற வேண்டும். 3,800 ஆர்பிஎம் டீசலும் 1.75:1 கியரும் அங்கே பொருந்தும். 2,800 எஞ்சின்தான் வேண்டுமென்றால் 1.3:1-க்குப் பக்கத்தில் கியர் தேடுங்கள்.

நான்கு இதழ் போட்டால் அதே வேலைக்கு விட்டம் சுமார் 6% குறையும். அப்போது ஷாஃப்ட் 1,950 வரை இறங்கலாம். 3,800-க்கு 2:1 ஏறக்குறைய ஒத்துவரும். அதிர்வும் குறைவு. இந்தப் படகுக்கு நான் சொல்வது இதைத்தான்.

பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்): நாட் வேகத்தை 1,215-ஆல் பெருக்கி ஷாஃப்ட் ஆர்பிஎம்-மால் வகுத்து, 20% ஸ்லிப் (தண்ணீரில் நழுவும் இழப்பு) வைத்து 0.8-ஆல் வகுக்க வேண்டும். 29 நாட், 1,950 ஆர்பிஎம் என்றால் 22½ அங்குலம். இது தொடக்க எண்தான். கடைசி ஒரு அங்குலம் கடல் ஓட்டத்தில்தான் தெரியும்.

ஷாஃப்ட் மாற்றியே ஆக வேண்டும். அது தாங்கும் முறுக்கு விசையைத் தீர்மானிப்பவை எச்பி-யும் ஷாஃப்ட் வேகமும் மட்டும்தான்; டீசலா பெட்ரோலா என்பது இந்தக் கணக்கில் வராது. இப்போது 230 எச்பி, 2,933 ஆர்பிஎம்: சுமார் 560 நியூட்டன் மீட்டர். 250 எச்பி, 1,950 ஆர்பிஎம்: 910-க்கு மேல். விட்டத்துக்கான சூத்திரம், (321,000 × எச்பி × பாதுகாப்பு எண்) ÷ (ஷாஃப்ட் உலோகத்தின் முறுக்கு வலிமை × ஆர்பிஎம்), அதன் கனமூலம். அக்வாமெட் 22 ரகத்துக்கு 70,000 பிஎஸ்ஐ, பாதுகாப்பு எண் 3 வைத்தால், பழைய எஞ்சினுக்கு 1.03 அங்குலம் (1⅛ போதும்), புதியதற்கு 1.21 அங்குலம், அதாவது 1¼. ஷாஃப்ட் தடித்தால் கட்லெஸ் பேரிங் (ஸ்ட்ரட்டுக்குள் இருக்கும் ரப்பர் பேரிங்), ஷாஃப்ட் குழாய், சீல், கப்ளிங் எல்லாம் கூடவே மாறும். ஸ்ட்ரட்டின் சுவர் கனமாக இருந்தால் துளையைப் பெரிதாக்கலாம். இல்லையென்றால் அதுவும் புதிது.

ஒரு எதிர்பார்ப்பை இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள்: வேகம் கூடாது. படகின் வேகத்தைக் கணிக்கும் கிரௌச் சூத்திரத்தில் 150 ÷ √(பவுண்டு ÷ எச்பி) போட்டுப் பாருங்கள். இப்போது 12,000 பவுண்டு, 460 எச்பி: 29.4 நாட். டீசல் இரண்டும் 1,200 பவுண்டு கூட்டினால் 13,200 பவுண்டு, 500 எச்பி: 29.2 நாட். கூடின 40 எச்பி-யை எடையே தின்றுவிடுகிறது. இலகுவான 3,800 ரகம் எடுத்தால் இந்த இழப்பு குறையும். மிச்சமாவது எரிபொருள்தான்: ஒரு லிட்டரில் பழைய கார்புரேட்டர் பெட்ரோல் எஞ்சின் சுமார் 2.7 எச்பி-மணி தரும், டீசல் 5. மொத்தம் 280 எச்பி-யில் சீராக ஓடினால் மணிக்கு 100 லிட்டருக்கு மேல் போவது 56-க்கு வரும்.

பிசின்வேலை

மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு போல்ட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. போல்ட் பிடிக்காமல் சுற்றினால் ஸ்டிரிங்கருக்குள் (எஞ்சினைத் தாங்கி நீளவாக்கில் ஓடும், ஃபைபர் போர்த்திய கட்டை) மரம் இல்லை, கூழ்தான் இருக்கிறது. அதன் மேல் எந்த எஞ்சினும் வைக்கக் கூடாது.

முதலில் எவ்வளவு தூரம் அழுகியிருக்கிறது என்று பாருங்கள். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஓசை மந்தமாகும் இடங்களைக் குறியுங்கள். அங்கெல்லாம் ஸ்டிரிங்கரின் பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், 6 மிமீ துளை போடுங்கள். வெளிர் நிறத்தில் காய்ந்த சீவல் வந்தால் பிழைத்தது. கறுத்து ஈரமாக வந்தால் அந்த இடமும், அதற்கு முன்னும் பின்னும் நல்ல மரம் வரும்வரை எல்லாமும் போக வேண்டும். பழைய எஞ்சின் அறையில் ஈரமானி எண்ணெய்ப் பிசுக்கால் ஏமாற்றும், துளைதான் பொய் சொல்லாது.

வெட்டுவதற்கு முன் படகின் அடிப்பாகத்தைப் பல இடங்களில் முட்டுக்கொடுங்கள், குறிப்பாக ஸ்டிரிங்கர்களுக்கு நேர் கீழே. நான்கு ஸ்டிரிங்கர்களையும் ஒரே நேரத்தில் பிடுங்க வேண்டாம். ஒன்றை முடித்து, இறுகவிட்டு, அடுத்ததைத் தொடுங்கள். முட்டு சரியில்லாமல் பின்பக்க அடித்தட்டு சில மிமீ உள்வாங்கி நின்றுவிட்டால், அந்த வளைவு ஓட்டத்தில் அணியத்தை (படகின் முன்முனையை) கீழே அழுத்தும். அதன் பிறகு எந்தப் புரொப்பெல்லரும் அதைச் சரிசெய்யாது.

எண்ணெய் ஊறிய ஃபைபரை நேரடியாகக் கிரைண்டரால் தேய்த்தால் எண்ணெய் இன்னும் உள்ளே ஏறும். கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, அது காயும் முன் காய்ந்த துணியால் எடுங்கள், துணியில் கறை வராத வரை. அதற்குப் பிறகே 40 கிரிட் உப்புத்தாள். ஒட்டு விளிம்பைத் தடிமனைப் போல 12 மடங்கு சரிவாக்குங்கள்; 8 மிமீ தடிமனுக்குக் கிட்டத்தட்ட 10 செமீ.

உள்ளே வைப்பது மெரைன் பிளைவுட்டாகவும் இருக்கலாம், கனமான ஃபோமாகவும் இருக்கலாம். எதுவானாலும் அடித்தட்டில் நேராக அமர்த்தாமல் எபாக்ஸிக் களிம்பில் சற்றே மிதக்க வையுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோட்டில் அடித்தட்டு விரிசல் விடும். மூலையில் 15 மிமீ ஆரமுள்ள ஃபில்லட் (களிம்பால் வளைத்து நிரப்பிய மூலை), அதன் மேல் 1708 ரக இருதிசைக் கண்ணாடி இழைத் துணி, ஒவ்வொரு அடுக்கும் முந்தையதை விட அகலமாக. அடுக்கு இறுகியபின் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரலாம். முதலில் தண்ணீரும் ஸ்க்ரப் பேடும், அப்புறம்தான் உப்புத்தாள். மாற்றிச் செய்தால் படலத்தைத் தேய்த்து உள்ளே இறக்குவதுதான் நடக்கும், அடுத்த அடுக்கு உரிந்துவரும். பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்ஸி பிடிக்கும். எபாக்ஸி மேல் பாலியெஸ்டரை நம்பாதீர்கள்.

மவுண்ட் வரும் இடங்களில் ஃபோமோ பிளைவுட்டோ மட்டும் போதாது, கண்ணாடி-எபாக்ஸி கட்டை வைத்து அடையுங்கள். அதற்குத்தான் எஞ்சினின் மவுண்ட் அளவுகள் முன்கூட்டியே கையில் வேண்டும். எஞ்சினைத் தேர்ந்தெடுத்தபின் ஸ்டிரிங்கர் கட்டுங்கள், ஸ்டிரிங்கர் கட்டிவிட்டு எஞ்சின் தேடாதீர்கள்.

அணியம்31

தெளிவாகிவிட்டது. இன்னொரு யோசனை: பின்பக்கம் பிராக்கெட் வைத்து இரண்டு அவுட்போர்டு மாட்டினால் ஷாஃப்ட், ஸ்ட்ரட், ரட்டர் எல்லாமே தேவையில்லையே? டீசல் கணக்கு ஒத்துவராவிட்டால் பெட்ரோலையே புதுப்பிப்பதில் ஏதாவது சிக்கல் உண்டா?

பழையவி8

அவுட்போர்டு: செய்யலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால் அந்தப் படகு எஞ்சின் நடுவில் இருக்கும் என்று எண்ணிக் கட்டப்பட்டது. நடுவில் இருந்த 800 கிலோவை எடுத்துவிட்டு டிரான்ஸத்துக்கு (படகின் பின்சுவருக்கு) வெளியே 500 கிலோவுக்கு மேல் தொங்கவிட்டால் பின்பக்கம் அமிழும், தளத்தின் வடிகால் துளை தண்ணீருக்குள் போகும், அணியம் தூக்கிக்கொண்டு பிளேன் ஆக (தண்ணீர் மேல் எழும்பிச் சறுக்க) மறுக்கும். மிதப்புள்ள பிராக்கெட், முன்னால் தள்ளிய டேங்க், உள்ளிருந்து புதிதாகக் கட்டிய டிரான்ஸம், மூன்றும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பெட்ரோல்: வருடத்துக்கு 50–100 மணி நேரம்தான் ஓட்டம் என்றால் இதுதான் சிக்கனம். பழைய ஷாஃப்ட், புரொப்பெல்லர், கியர் அப்படியே இருக்கும். கவனிக்க வேண்டியது சுழலும் திசை. உங்கள் வகைப் படகில் பெரும்பாலும் ஒரு எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றும். செவ்ரொலே 350 வகை என்றால் சாதாரண எஞ்சினின் ஃபயரிங் வரிசை 1-8-4-3-6-5-7-2. எதிர்ச்சுழல் எஞ்சினுக்கு 1-2-7-5-6-3-4-8. கேம், ஸ்டார்ட்டர், பின்பக்க ஆயில் சீல் எல்லாம் தனி. இதைக் கவனிக்காமல் இரண்டுக்கும் ஒரே எஞ்சின் வாங்கிவிட்டு, "ஒரு பக்கம் ரிவர்ஸ் கியரில் போட்டு முன்னால் ஓட்டிக்கொள்ளலாம்" என்பார்கள். பழைய வெல்வெட் டிரைவ் 71சி, 72சி கியர் வகைகளில் அது நடக்காது. ரிவர்ஸ் தொகுதி துறைமுகத்துக்குள் சில நிமிடம் வேலை செய்ய வைத்தது. முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டினால் எரிந்துபோகும். எஞ்சின் திசையை மாற்றினால் கியரின் முன்பக்க ஆயில் பம்பையும் அம்புக்குறி பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தமே வராது. புது ஹைட்ராலிக் கியர்கள் பல இரு திசையிலும் முழுச்சுமை தாங்கும். வாங்குமுன் அந்த மாடலின் அட்டவணையில் பாருங்கள்.

கார் எஞ்சின் வேண்டவே வேண்டாம். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர் மூன்றும் தீப்பொறி வெளியே வராத மெரைன் வகையாக இருக்க வேண்டும். பில்ஜில் (படகின் அடிக்குழியில்) தேங்கும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். ஸ்டார்ட் செய்யும் முன் அந்த ஆவியை வெளியேற்ற 4 நிமிடம் புளோவர் (காற்று விசிறி). அந்தக் காலத்து டேங்க் ஃபைபரில் வார்த்ததாக இருந்தால் எத்தனால் கலந்த பெட்ரோல் அதன் பிசினைக் கரைத்து, அந்தக் கறுப்புப் பிசுக்கை வால்வு வரை கொண்டுபோய் ஒட்டும். எஞ்சினைப் புதுப்பித்து டேங்கை விட்டால் செலவு இரண்டு மடங்கு.

சுழல்கணக்கு

டீசல் பக்கம் மிச்சம் நான்கு.

எக்ஸாஸ்ட்: டர்போ டீசலைக் கொல்வதில் முதல் ஆள் பின்னால் ஏறிவரும் தண்ணீர். எக்ஸாஸ்ட்டில் குளிர்விக்கும் தண்ணீர் கலக்கும் வளையம் நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 30 செமீ-இல் இருக்க வேண்டும். அங்கிருந்து குழாய் இறங்கிக்கொண்டே போக வேண்டும். பெட்ரோலுக்கு இருந்த பழைய குழாய் பெரும்பாலும் போதாது. முழு வேகத்தில் டர்போ வாயில் பின்னழுத்தத்தை அளந்து எஞ்சின் ஏட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள்.

எஞ்சின் அறைக்குக் காற்று: மொத்த எச்பி-யை 3.3-ஆல் வகுத்தால் திறப்பின் குறைந்தபட்சப் பரப்பு சதுர அங்குலத்தில். 500 எச்பி-க்கு 152 சதுர அங்குலம். பழைய திறப்புகள் இதில் பாதி இருந்தால் அதிசயம்.

எரிபொருள்: டீசல் எரிப்பதை விட அதிகமாக இழுத்து மிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அதனால் டேங்குக்குத் திரும்பு குழாய் வேண்டும். ஃபில்டரின் லிட்டர் அளவையும் இந்த மொத்த ஓட்டத்துக்குப் பாருங்கள். துத்தநாகம் பூசிய டேங்க் டீசலுக்கு ஆகாது.

அலைன்மென்ட்: கரையில் வைத்துச் செய்வது தோராயம்தான். தண்ணீரில் இறக்கி, டேங்க் நிரப்பி, இரண்டு நாள் விட்டுச் செய்யுங்கள். கப்ளிங் முகங்களுக்கு நடுவே விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஆயிரத்தில் ஒரு அங்குலம் வரை வித்தியாசம் இருக்கலாம். 5 அங்குலக் கப்ளிங்குக்கு 0.005, அதாவது 0.13 மிமீ. அளந்தபின் கியர் பக்கத்தை அசைக்காமல் ஷாஃப்ட்டை மட்டும் கால் சுற்று திருப்பி மறுபடி அளங்கள். இடைவெளி இருந்த இடத்திலேயே இருந்தால் எஞ்சினை நகர்த்த வேண்டும். ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றினால் ஷாஃப்ட்டோ கப்ளிங்கோ கோணல். மவுண்ட்டைத் திருகிப் பயனில்லை.

கடல் ஓட்டத்தில் முழுச்சுமையோடு முழு த்ராட்டில் கொடுத்தால் எஞ்சின் 3,800-ஐத் தொட்டு 40–80 தாண்ட வேண்டும். 3,650-இலேயே நின்றுவிட்டால் பிட்ச் அதிகம். கறுப்புப் புகை வரும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும், வால்வும் ஹெட் கேஸ்கெட்டும் சீக்கிரம் போகும். இரண்டு புரொப்பெல்லரையும் ஒரே அளவு பிட்ச் குறைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் 3,800 வராவிட்டால் புரொப்பெல்லரைத் தொடும் முன் த்ராட்டில் கேபிள் லீவரைக் கடைசி வரை இழுக்கிறதா என்று பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.