கடலுக்குப் போகும் டிவிக்கு எந்தக் கோப்பு? ஹெச்.264-ஆ, ஹெச்.265-ஆ?

தூத்தூர்த் தம்பி:
அண்ணன் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிறவன். திங்கட்கிழமை தேங்காய்ப்பட்டணத்திலிருந்து புறப்பட்டால் திரும்பி வர 40 நாள் ஆகும். மகள் முதன்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கும் அவன் கடலில்தான் இருந்தான். ஸ்டுடியோக்காரர் அந்த வீடியோவை நேற்றுத்தான் அனுப்பினார். இறக்கிப் பார்த்தால் 4கே தெளிவு, ஹெச்.265 என்ற முறையில் சுருக்கிய வீடியோ, 11 ஜிபி. பென்டிரைவில் ஏற்றப் போனால் 'கோப்பு மிகப் பெரியது' என்று மறுக்கிறது. படகில் இருப்பது 24 அங்குலப் பழைய டிவி, பேட்டரியில் இன்வர்ட்டர் வைத்து ஓடுகிறது. மற்ற நாட்களில் பார்க்கவும் கொஞ்சம் ஏற்றித் தர வேண்டும். என்ன செய்யலாம்?

வடசேரி வயர்:
பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் என்ற புதிய அமைப்புக்கு மாற்றினால் ஏறிவிடும். கோப்பை மட்டும் தொடாதீர்கள். ஹெச்.265 வந்தது 2013-இல். 2003-இல் வந்த ஹெச்.264-ஐவிட ஏறக்குறையப் பாதி இடத்தில் அதே தரம் தரும். மறுபடி சுருக்கினால் தரம் போகும், போனது திரும்ப வராது. டிவியில் இணைக்க ஓர் ஆண்ட்ராய்டு பெட்டி, வீடியோவை வைக்க 1 டிபி எஸ்எஸ்டி, ஓட்ட விஎல்சி பிளேயர். வேலை முடிந்தது.

குலசேகரம் ரப்பர்பால்:
வேலை எங்கே முடிந்தது? பெட்டிக்கு ஓர் அடாப்டர், எஸ்எஸ்டிக்கு ஒரு வயர், டிவிக்கு ஹெச்டிஎம்ஐ. கரையைவிட்டுப் பல நாள் தூரத்தில் இதில் ஒன்று போனால் சரிசெய்ய நீங்கள் நீந்திப் போவீர்களா? தம்பி, அந்த டிவி தானாகப் படிக்கிற வடிவத்தில் கொடு. ஹெச்.264, ஏஏசி ஒலி, எம்பி4.

ஒக்கி புயல் அடித்தபோது, 2017 நவம்பர் 30-க்குப் பிறகு, எங்கள் பக்கம் பல நாள் மின்சாரம் இல்லை. என் மருமகனுடைய 2013 மாடல் லேப்டாப்பில் ஹெச்.265-ஐப் பிரிக்கும் வன்பொருள் கிடையாது, எல்லாம் பிராசஸர் தலையில். விசிறி அலறியது, பேட்டரி கண்ணெதிரே கரைந்தது. ஹெச்.264 கோப்பு போட்டால் அதே லேப்டாப் சத்தமே இல்லாமல் ஓடியது. பாதி இடம் மிச்சம் என்கிறார்கள். அதற்குப் பதில் மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

வடசேரி வயர்:
ஐயா, அது பழைய லேப்டாப்பின் குறை, கோடெக்கின், அதாவது சுருக்கும் முறையின் குறை அல்ல. இன்றைய சாதாரண ஃபோனிலேயே ஹெச்.265-க்கு வன்பொருள் இருக்கிறது.

குலசேகரம் ரப்பர்பால்:
படகில் இருப்பது இன்றைய ஃபோனா? பழைய டிவி. கேள்வியைப் படியுங்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்றாலை:
ஏவி1 என்ற இன்னும் புதிய கோடெக்குக்கு மாற்றினால் இன்னும் சிறிதாகுமே?

குளச்சல் விளக்கு:
ஏவி1 வெளிவந்ததே 2018-இல். அந்த டிவி அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்காது.

டிவி பழுதுபார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் பார்க்க வேண்டியது கோடெக்கை அல்ல, யூஎஸ்பி துளையை. கடற்கரை வீடுகளிலிருந்து வரும் டிவிகளில் அந்தத் துளைக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். படகில் கேட்கவே வேண்டாம். ஹார்ட் டிஸ்க் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே தட்டுக்கும் தலைக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். அலையில் தூக்கிப் போடும் இடத்தில் அது ஓடக் கூடாது. போதாததற்குப் பழைய யூஎஸ்பி துளை 500 மில்லிஆம்பியர்தான் கொடுக்கும். டிஸ்க் சுழலத் தொடங்க அது போதாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே கிடக்கும்.

எக்ஸ்ஃபேட்டையும் நம்பாதீர்கள், பழைய டிவிகள் பல அதைப் படிக்காது. இரண்டு 32 ஜிபி பென்டிரைவ், எஃப்ஏடி32. அதைவிடப் பெரிதாக வாங்கினால் விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி எஃப்ஏடி32 தர மறுக்கும், வேறு மென்பொருள் தேட வேண்டியிருக்கும். 720பி தெளிவு, நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் நூறு நிமிட வீடியோ 1.5 ஜிபி. ஒன்றில் இருபது, இரண்டில் நாற்பது. நாளுக்கு ஒன்று.

வடசேரி வயர்:
4கே-யை 720பி-க்கு! குழந்தையின் முகத்தை மெழுகுபோல ஆக்கப் போகிறீர்கள்.

குளச்சல் விளக்கு:
24 அங்குலப் பழைய டிவிகளில் பெரும்பாலும் 1366-க்கு 768 புள்ளிகள்தான். மீதிப் புள்ளிகளைக் கடலிலா கொட்டுவது? வேண்டுமானால் அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும் நொடிக்கு 4 மெகாபிட் கொடுங்கள். 3 ஜிபி வரும், 4 ஜிபி எல்லைக்குள்தான்.

இன்னொன்று. படம் வந்து ஒலி வராவிட்டால் பதறாதீர்கள். ஒலி டிடிஎஸ் என்ற வடிவத்தில் இருக்கும், பல டிவிகளுக்கு அது புரியாது. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் படத்தை அப்படியே நகலெடுத்து ஒலியை மட்டும் ஏஏசிக்கு மாற்றலாம். சில நிமிட வேலை, படத்தின் தரம் துளியும் குறையாது. வசன வரி இருந்தால் படத்தோடு பதித்துவிடுங்கள். தமிழ் எழுத்துரு இல்லாத டிவியில் கட்டம் கட்டமாக வரும்.

வடசேரி வயர்:
சரி, படகுக்கு அப்படியே செய்யுங்கள். ஆனால் அந்த 11 ஜிபி மூலக்கோப்பை அழித்தால் நான் தூத்தூருக்கே வந்து சண்டை போடுவேன். வீட்டில் ஒரு டிஸ்க்கில், உறவினர் வீட்டில் இன்னொன்றில். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்போது 720பி-யைக் காட்டிப் பாருங்கள், தெரியும்.

குலசேகரம் ரப்பர்பால்:
இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

தூத்தூர்த் தம்பி:
ஹேண்ட்பிரேக் மென்பொருளில் மாற்ற ஓர் இரவு பிடித்தது. இன்று துறைமுகத்தில் படகு டிவியிலேயே சோதித்தோம். முதல் தடவை டிரைவைக் காட்டவே இல்லை. விளக்கு அண்ணன் சொன்ன பச்சைக் களிம்புதான், துடைத்ததும் வந்தது. படமும் ஒலியும் சரி. வெள்ளை உடையில் மகள் கோவிலுக்குள் நுழைகிற இடம் வந்ததும் அண்ணன் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கரையில் வேண்டாமாம், கடலில் பார்த்துக்கொள்கிறானாம்.