விசேட தேவையுடைய பிள்ளை சாதாரண வகுப்பில் இருந்த அனுபவங்கள்

தென்மராட்சி ஆசிரியை:
தரம் 3 வகுப்பில் செவிப்புலன் குறைந்த பையன் ஒருவன் என்னிடம் படித்தான். காதில் கருவி இருக்கிறது, ஆகவே அவனுக்குக் கேட்கும் என்றே நினைத்திருந்தேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவது என் வழக்கம். நான் திரும்பும்போதெல்லாம் அவன் எழுந்து பலகையின் ஓரத்துக்கு வந்து நிற்பான். மூன்று தடவை இருக்கச் சொல்லிவிட்டு, நான்காம் தடவை கையைப் பிடித்து இழுத்துப்போய் இருத்தினேன். கார்த்திகை மாதத்தில் ஒருநாள் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, அவன் கருவியைக் கழற்றிப் பென்சில் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, என் உதடுகளையே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். என் குரலோடு கூரையின் இரைச்சலையும் அந்தக் கருவி பெருக்கியிருக்கிறது என்பதும், அவன் பலகையடிக்கு வந்தது என் வாயைப் பார்க்கத்தான் என்பதும் அப்போதுதான் விளங்கின. என் பிடிக்குள் இருந்த அந்த மெலிந்த மணிக்கட்டை இன்றுவரை மறக்க முடியவில்லை.

வடமராட்சித் தாய்:
என் மகளுக்கு ஓட்டிசம். வகுப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள்தான், ஓட்டத்தைத் தொடங்கும் வெடிச்சத்தத்துக்குப் பயந்து கத்துவாள், வீட்டில் வைத்திருங்கள் என்று பாடசாலையில் சொன்னார்கள். மறுநாள் காலை 6 மணிக்கே அவள் தன் இல்லத்தின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு படலையடியில் நின்றாள். நானே வந்து அவளது காதுகளைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன் என்று கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஓய்வுபெற்ற அதிபர்:
ஆசிரியை தன்னை இவ்வளவு நொந்துகொள்வதை நான் ஏற்கவில்லை. பிள்ளையின் நிலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதிக் கொடுக்காமல் வகுப்பில் விட்டவர்களே பொறுப்பு. நானும் அப்படி விட்டவன்தான். என் பாடசாலையில் விசேட கல்வி அலகுப் பிள்ளைகளை இடைவேளையில்கூட மற்றவர்களோடு சேரவிடாமல் வைத்துக்கொண்டு, அதை உட்படுத்தல் கல்வி, அதாவது எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கற்பிப்பது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அம்மா, நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை. இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறன் காரணமாக ஒருவரைக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. சேர்த்த பிள்ளையைப் போட்டியன்று வீட்டில் இருத்துவது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கே மாறானது. அடுத்த தவணை தொடங்கும்போதே வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்: எந்தச் சத்தம் அவளைக் குழப்பும், எது அமைதிப்படுத்தும், அவளருகே யார் நிற்கலாம். வெடிக்குப் பதிலாகக் கொடியசைத்து ஓட்டத்தைத் தொடங்கலாம், அதற்குச் செலவில்லை. ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன்: எழுதி முடித்துத் திரும்பி நின்ற பின் பேசுங்கள், யன்னல் வெளிச்சம் உங்கள் முதுகில் அல்ல, முகத்தில் விழட்டும். பரீட்சையில் மேலதிக நேரம் தேவையானால், மருத்துவச் சான்றோடு அதிபர் ஊடாக முன்கூட்டியே பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பியுங்கள்.

சுன்னாகம், பழைய மாணவன்:
ஐயா, மேலதிக நேரமும் பிறெயில் வினாத்தாளும் எனக்குக் கிடைத்தன. பார்வையற்ற பிள்ளைகளுக்கான வாழ்வகம் இல்லத்தில் தங்கிச் சாதாரண பாடசாலையில் படித்த எனக்குச் சிக்கல் பரீட்சையில் அல்ல, வகுப்பில்தான் இருந்தது. கணித ஆசிரியர் பலகையைக் காட்டி, “இதையும் இதையும் கூட்டினால் இது வரும்” என்பார். பக்கத்திலிருந்த நண்பன் அந்த “இது” ஒவ்வொன்றையும் என் காதுக்குள் வாசித்துச் சொல்லுவான். ஒருநாள் பாடநேரத்தில் கதைத்தான் என்று ஆசிரியர் அவனை எழுப்பி நிறுத்தினார். ஏன் கதைத்தான் என்று அவனும் சொல்லவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. நின்றபடியே அவன் தன் பென்சிலால் என் உள்ளங்கையில் இலக்கங்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தான்.